சொல்லிக்கொள்ளாமல் போகும் அட்டை

நம் வீடுகளுக்கு விருந்தாக வந்தவர் எவரும் ‘போகிறேன்’ என்று சொல்லி எழுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்று சொல்லியே விடைபெறுவர். வீட்டாரும் வாயில் வரை வந்து வழியனுப்புவர். ஒருவர் எப்படி வந்தார் என்பதை நாம் மறந்தாலும் மறப்போம். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டவரை எளிதில் மறக்கமாட்டோம். மாணவ மாணவியரே, இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது இத்தகைய விருந்தினன் ஒருவனையே. அவன் மனிதன் அல்லன். மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகவும் கழற்றவும் கூடிய ஒரு சிறிய அட்டை. அந்த அட்டையை வரவேற்று, அதற்கு வேண்டியவற்றைக் கொடுத்து, அது புறப்படும்பொழுது வழியனுப்பிவைக்கும் பொறுப்பைக் கணினிக்குள் ஒரு நிரல் ஏற்றிருக்கிறது. அந்நிரலுக்கு ‘இயக்கி’ என்று பெயர். வரவேற்பதைவிட வழியனுப்புவதே அதற்குக் கடினமான வேலை. அது ஏன் என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வாழும் ஆரம்பாக்கம், தமிழ்நாட்டின் வடகிழக்கு எல்லையில், சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். எங்களுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ஏவூர்தி எழும்பும் நாள்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் நின்றபடியே அதன் ஒளியைக் காண்பார்கள். ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலருக்குத் தந்தையார் மீன்பிடிக்கச் செல்பவர். வீட்டிலே முதன்முதல் பத்தாம் வகுப்பை எட்டியவர் அந்தப் பிள்ளையாகவே இருப்பர்.

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை. பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலை நாங்கள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவற்றில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ பிழைபட்டால், அப்பிழை சான்றிதழில் ஏறி வாழ்நாள் முழுவதும் அப்பிள்ளையைத் தொடரும். பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். தம் மடிக்கணினியை எங்களுக்கு உதவியாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பக்கவாட்டில், இணையத் தொடர்புக்கு உரிய டேட்டா கார்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைத் தட்டச்சிட்டு முடிக்கும் தறுவாயில், அருகில் நின்ற ஆசிரியர் ஒருவர், ‘இது எதற்கு இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது?’ என்று சொல்லி அந்த அட்டையைப் பிடுங்கி எடுத்துவிட்டார். திரை அப்படியே உறைந்தது. விசைகளை அழுத்தினோம், பயனில்லை. இறுதியில் மின்னிணைப்பைத் துண்டித்துத் தொடங்கியபொழுது பட்டியல் இல்லை.

ஆதாரமாக வாங்கி வைத்திருந்த பிறப்புச் சான்றுகளையும் குடும்ப அட்டைகளையும் அன்று பிற்பகலிலேயே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மறுநாள் விடியலில் மிதிவண்டியில் குப்பம் குப்பமாகச் சென்றோம். ஆண்கள் ஏரிக்குள் போயிருந்தார்கள். பெண்கள் மீன் விற்கச் சந்தைக்குப் போயிருந்தார்கள். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாட்டிமாரைக் கேட்டு அலைந்து, அன்று மாலைக்குள் பட்டியலை மறுபடியும் எழுதி ஒப்படைத்தோம். இடையிடையே சேமித்து வைக்காதது எங்கள் குற்றமே. ஆயினும் ஒரு கேள்வி என் உள்ளத்தில் நின்றுவிட்டது. இணையத்துக்கு உரிய அட்டையைப் பிடுங்கினால் இணையம் நிற்கலாம். கணினி முழுவதும் ஏன் நிற்க வேண்டும்? அப்பழைய மாணவர் பின்னர் எனக்கு அளித்த விளக்கமும், அதன்பின் நானே முயன்று படித்தவையும் இக்கேள்விக்கு விடையாயின.

அட்டையின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். மேசைக்கணினியில் புதிய வசதி வேண்டுமானால் பெட்டியைத் திறந்து உள்ளே பலகை ஒன்றைப் பொருத்தலாம். மடிக்கணினியில் அதற்கு இடம் ஏது? ஆகையால், வெளியிலிருந்தே செருகக்கூடிய சிறிய அட்டைகள் தோன்றின. எல்லா நிறுவனங்களின் அட்டைகளும் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, 1989ஆம் ஆண்டில் பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்னும் கூட்டமைப்பு அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அது 1990ஆம் ஆண்டில் தன் முதல் தரவரையறையை வெளியிட்டது. அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். வங்கி அட்டை ஒன்றின் நீள அகலம் என்று கொள்ளலாம். கனம் மட்டும் வகைக்கு ஏற்ப 3.3, 5, 10.5 மில்லிமீட்டர் என வேறுபடும். செருகுவாயின் உள்ளே 68 ஊசிமுனைகள். அட்டையின் விளிம்பில் அவற்றை ஏற்கும் 68 துளைகள். தொடக்கத்தில் நினைவக அட்டைகளாக வந்தவை, பின்னர்த் தொலைபேசி மோடமாகவும், வலையமைப்பு அட்டையாகவும், சின்னஞ்சிறு வன்தட்டாகவும் உருவெடுத்தன. 1995இல் இவ்வட்டையின் விரைவு மிகுந்த வடிவமான கார்டுபஸ் வந்தது. 2003இல் எக்ஸ்பிரஸ் கார்டு வந்தது.

இனி, கணினியின் உள்ளே நோக்குவோம். கடிதம் எழுதும் நிரல், பாடல் இசைக்கும் நிரல், கணக்குப் பார்க்கும் நிரல் எனப் பல நிரல்கள் கணினியில் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. இவை ஒவ்வொன்றும் வட்டையும் திரையையும் தாமே நேராகக் கையாளத் தொடங்கினால், ஒன்றன் எழுத்தை மற்றொன்று அழித்துவிடும். எனவே நிரல்களுக்கும் கருவிகளுக்கும் இடையே இயங்குதளம் நிற்கிறது. அதன் நடுநாயகமான பகுதியை ஆங்கிலத்தில் கெர்னல் என்பர். நாம் உட்கரு என்போம். எந்த நிரலும் ஒரு கருவியை அணுக வேண்டுமானால் உட்கருவிடம் விண்ணப்பித்தே அணுக வேண்டும்.

ஆனால் உலகிலுள்ள ஆயிரக்கணக்கான கருவிகளின் தனி இயல்புகளை உட்கருவின் பொதுப் பகுதி எவ்வாறு அறியும்? அறியாது. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் அதன் இயல்பறிந்த ஒரு சிறு நிரல் துணையாக அமைகிறது. அதுவே டிரைவர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இயக்கி. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இயக்கிகள் பெரும்பாலும் தனித்தனிக் கூறுகளாக வட்டில் காத்திருக்கும். தேவை ஏற்படும்பொழுது உட்கருவோடு வந்து சேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் நன்கு மனங்கொள்ள வேண்டும். சாதாரண நிரல் ஒன்று தவறு செய்தால், உட்கரு அந்நிரலை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். இயக்கியோ உட்கருவின் உள்ளேயே, உட்கருவுக்கு உள்ள அதிகாரங்கள் அனைத்தோடும் இயங்குவது. அதனைத் தட்டிக் கேட்க மேலே எவரும் இல்லை. ஆகவே இயக்கியில் நேரும் ஒரு சிறு பிழை, கணினி முழுவதையும் வீழ்த்தவல்லது. எங்கள் பட்டியல் அழிந்ததற்கு உரிய முதற்குறிப்பு இதுதான்.

அட்டை ஒன்றைச் செருகும்பொழுது நிகழ்வன யாவை? 68 ஊசிமுனைகளுள் இரண்டு, அட்டை வந்திருப்பதை உணர்த்துவதற்கென்றே அமைந்தவை. அவ்விரண்டும் தொட்டவுடன் செருகுவாயைக் கட்டுப்படுத்தும் சில்லு உட்கருவுக்கு அறிவிக்கிறது. உட்கரு உடனே அவசரப்படுவதில்லை. கை நடுக்கத்தில் அட்டை சற்றே அசையக்கூடும். ஆதலால் அது நன்றாகப் பொருந்தும் வரை சிறிது பொறுக்கிறது. பின்னர், அட்டைக்கு வேண்டிய மின்னழுத்தம் 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா என்பதை வேறு இரண்டு ஊசிமுனைகளைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. குறைந்த அழுத்தம் வேண்டும் அட்டைக்கு மிகுந்த அழுத்தம் கொடுத்தால் அது பழுதாகிவிடும் அன்றோ?

மின்சாரம் பெற்றபின் அட்டை தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் புதிய மாணவனைப் பள்ளியில் சேர்க்காத வழக்கம் முன்பு இருந்தது. அதுபோல ஒவ்வோர் அட்டையும் தன்னுள் ஒரு சான்றிதழை வைத்திருக்கிறது. அட்டைத் தகவல் அமைப்பு என்று அதனைச் சொல்லலாம். ‘என்னைச் செய்த நிறுவனத்தின் எண் இது, என் எண் இது, நான் மோடம், எனக்கு இன்னின்ன வசதிகள் வேண்டும்’ என்று சிறு சிறு குறிப்புகளின் வரிசையாக அது அமைந்திருக்கும். உட்கரு அவ்வெண்களைப் படித்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, உரிய இயக்கியை அழைக்கிறது. மடிக்கணினி உறக்க நிலையிலிருந்து விழிக்கும்பொழுதும், தான் முன்பு படித்து வைத்திருந்த சான்றிதழை உட்கரு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். உறங்கிய வேளையில் எவரேனும் அட்டையை மாற்றி வைத்திருக்கலாம் என்னும் எச்சரிக்கையே அதற்குக் காரணம்.

அடுத்தது, அட்டைக்கு இடம் ஒதுக்கும் வேலை. இதனை விளக்க, பழவேற்காடு ஏரியிலேயே நல்ல உவமை இருக்கிறது. எங்கள் பகுதி மீனவரிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை ஒன்று உண்டு. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலைகளோ பல. எல்லாரும் ஒரே இடத்தில் கழி நட்டு வலை கட்டினால் எவருக்கும் மீன் கிடைக்காது, சண்டைதான் மிஞ்சும். ஆகையால் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். சீட்டுக் குலுக்கி இடத்தை முடிவு செய்வதும் உண்டு.

கணினியிலும் இதே நிலைதான். அட்டையோடு பேசுவதற்கு முகவரிகள் வேண்டும். அட்டை ‘என்னைக் கவனி’ என்று உட்கருவை அழைப்பதற்குக் குறுக்கீட்டுத் தடம் ஒன்று வேண்டும். அக்காலத்துக் கணினிகளில் இத்தகைய தடங்கள் 0 முதல் 15 வரை பதினாறே. கடிகாரத்துக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, வன்தட்டுக்கு ஒன்று என அவற்றுள் பெரும்பாலானவை முன்னரே பிடிக்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றுள் ஒன்றை, வேறொரு கருவியோடு மோதாதபடி, புதிதாய் வந்த அட்டைக்கு ஒதுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பாடு பிரிப்பது போன்று உட்கரு இதனைச் செய்கிறது.

லினக்ஸில் இவ்வேலையைத் தொண்ணூறுகளில் முன்னின்று செய்தவர் டேவிட் ஹிண்ட்ஸ் என்பவர். உட்கருவுக்கு வெளியே தனித் தொகுப்பாக அவர் எழுதி வளர்த்த நிரல்களே அக்கால மடிக்கணினிகளுக்கு உயிர்நாடியாக இருந்தன. எந்த முகவரிகளைத் தொடக்கூடாது என்பதைச் சில வேளைகளில் பயன்படுத்துவோரே ஒரு கோப்பில் கையால் எழுதிவைக்க வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 2.4 என்னும் உட்கருவில் இவ்வட்டைகளுக்கான ஏற்பாடு உட்பகுதியாகவே இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டில், அட்டைக்கும் இயக்கிக்கும் பொருத்தம் பார்க்கும் வேலையும் உட்கருவுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கெனத் தனியாக ஓடிக்கொண்டிருந்த காவல் நிரல் தேவையற்றதாயிற்று.

இதுவரை சொன்னது வரவேற்பு. இனி, வழியனுப்புதல். அட்டை எப்பொழுது போகும் என்பது இயக்கிக்குத் தெரியாது. கையொன்று வந்து வெடுக்கென்று பிடுங்கிவிடும். இதனை எதிர்பார்த்தே செருகுவாயை வடிவமைத்தவர்கள் ஒரு நுட்பம் செய்திருக்கிறார்கள். 68 ஊசிமுனைகளும் ஒரே நீளம் உடையவை அல்ல. மின்சாரம் தரும் முனைகள் எல்லாவற்றினும் நீண்டவை. செய்தி கடத்தும் முனைகள் இடைப்பட்டவை. அட்டையின் இருப்பை உணர்த்தும் இரு முனைகள் எல்லாவற்றினும் குட்டையானவை. இதன் பயன் என்ன? அட்டையைச் செருகும்பொழுது மின்சாரம் முதலில் தொடும். ‘வந்துவிட்டது’ என்னும் செய்தி கடைசியாகச் சேரும். பிடுங்கும்பொழுது ‘போகப்போகிறது’ என்னும் செய்தி முதலில் கிளம்பும். மின்சாரம் கடைசியில் அறும். இடையே உள்ளது கண்ணிமைப்பினும் குறைந்த பொழுதே. அந்தப் பொழுதுக்குள் இயக்கி தன் வேலைகள் அனைத்தையும் முடித்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. அட்டை போன பின்பும், போனதை அறியாமல் அது அட்டையோடு பேசிக்கொண்டிருக்க நேரும்.

இல்லாத அட்டையிடம் கேள்வி கேட்டால் என்ன விடை கிடைக்கும்? நீங்கள், ‘விடையே கிடைக்காது’ என்று எண்ணலாம். அல்லது, ‘சுழியம் கிடைக்கும்’ என்று எண்ணலாம். பெரும்பாலான கணினிகளில் கிடைப்பது இவ்விரண்டும் அன்று. எட்டு இருமங்களைப் படித்தால் எட்டும் ஒன்று என்றே வரும். அதாவது 1111 1111. நம் எண்முறையில் 255. இழுத்துப் பிடிப்பார் இல்லாத மின்தடங்கள் இயல்பாகவே உயர்ந்த நிலையில் நிற்பதே இதற்குக் காரணம்.

இதன் விபரீதத்தை வகுப்பறையை வைத்துச் சொல்கிறேன். ஆசிரியர் கண் தெரியாமல் வருகைப் பதிவு எடுக்கிறார் என்று கொள்ளுங்கள். வகுப்பு முழுவதும் காலி. ஆனால் அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் ‘உள்ளேன் ஐயா’ என்று எங்கிருந்தோ ஒரு குரல் வருகிறது. ‘வீட்டுப்பாடம் எழுதினாயா?’ என்றால், ‘எழுதினேன் ஐயா.’ ‘இன்னும் காட்ட வேண்டியது இருக்கிறதா?’ என்றால், ‘இருக்கிறது ஐயா.’ அவ்வாசிரியர் அவ்வகுப்பை விட்டு எப்பொழுது வெளியே வருவார்?

இயக்கியும் இவ்வாறே ஏமாறுகிறது. ‘படிக்க வேண்டிய செய்தி இன்னும் இருக்கிறதா?’ என்று ஓர் இருமத்தைப் பார்த்து, அது ஒன்றாக இருக்கும் வரை படித்துக்கொண்டே இரு என்று இயக்கியை எழுதியவர் கட்டளையிட்டிருப்பார். அட்டை இருக்கும் வரை இது சரியான கட்டளை. அட்டை போய்விட்டால் அந்த இருமம் என்றென்றும் ஒன்றாகவே நிற்கும். இயக்கி முடிவில்லாமல் சுழலும். உட்கருவின் உள்ளே குறுக்கீட்டைக் கவனிக்கும் வேளையில் அது இவ்வாறு சுழலத் தொடங்கினால், வேறு எந்த வேலைக்கும் வாய்ப்பில்லை. விசைப்பலகையைக் கேட்பார் இல்லை. திரையைப் புதுப்பிப்பார் இல்லை. எங்கள் அறுபது பிள்ளைகளின் பெயர்களைச் சேமிப்பாரும் இல்லை.

இதற்குப் பரிகாரம் எளியது; ஆனால் எழுதுபவர் நினைவில் இருக்க வேண்டியது. எல்லா இருமங்களும் ஒன்றாக வந்தால், ‘எல்லாக் கேள்விக்கும் ஆம் என்கிறானே, ஆள் இருக்கிறானா?’ என்று ஐயுற வேண்டும். அட்டை இல்லை என்று கொண்டு உடனே விலக வேண்டும். இத்தனை முறைக்கு மேல் சுழலக்கூடாது என்று ஓர் எல்லையும் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடர் இன்னும் நுட்பமானது. அட்டை போய்விட்டது என்று இயக்கி சரியாகவே தெரிந்துகொண்டது என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்காக ஒதுக்கிய நினைவகப் பகுதியை அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்த வேளையில், அட்டையைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் பயன்பாட்டு நிரல் ஒன்று இருக்கக்கூடும். அது பழைய முகவரியை நம்பி மறுபடியும் உள்ளே வரும். விடுதியில் அறையைக் காலி செய்துவிட்டுப் போன மாணவனின் நண்பன், தன்னிடமுள்ள பழைய சாவியால் அறையைத் திறந்து பொருள்களை எடுத்து வைப்பது போன்றது இது. அறையிலே இப்பொழுது இருப்பவர் வேறு, பொருள்களும் வேறு. நினைவகத்திலும் அவ்வாறே, வேறொன்றுக்கு உரிய செய்திகள் சிதைகின்றன. சில வேளைகளில் தீய எண்ணம் கொண்டவர் உட்கருவுக்குள் நுழைய இதுவே வாயிலாகவும் அமைந்துவிடும்.

இது கற்பனை அன்று. 2022ஆம் ஆண்டில், லினக்ஸ் உட்கருவிலிருந்த பழைய அட்டை இயக்கிகள் சிலவற்றில் இதே குறை கண்டுபிடிக்கப்பட்டுப் பாதுகாப்புக் குறைகளாகப் பதிவு செய்யப்பட்டது. ஸ்மார்ட் கார்டுகளைப் படிப்பதற்கான செருகட்டைகளின் இயக்கிகள் அவை. ஒரு நிரல் அட்டையைத் திறக்க முற்படும் அதே கணத்தில் ஒருவர் அட்டையைப் பிடுங்கினால், திருப்பிக் கொடுக்கப்பட்ட நினைவகத்தை இயக்கி தொட்டுவிடும் என்பதே குறை. பல்லாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் அது இருந்திருக்கிறது. பழுது பார்க்க ஆள் குறைவு. அவ்வட்டைகளைப் பயன்படுத்துவோரும் அரிது. ஆகவே 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 6.4 என்னும் உட்கருவிலிருந்து அவ்வியக்கிகள் நீக்கப்பட்டன. வரவேற்கத் தெரிந்து வழியனுப்பத் தெரியாத இயக்கிகளுக்கு உட்கருவில் இடமில்லாமற் போயிற்று.

அவ்வாறாயின், முறையாக வழியனுப்புவது எப்படி? மறுபடியும் ஏரிக்கே வாருங்கள். வலை கட்டுபவர் முதலில் கழியை நடுகிறார். பின்னர் வலையைக் கட்டுகிறார். முறை முடிந்ததும் எதனை முதலில் செய்வார்? வலையை அவிழ்ப்பார், அதன்பின் கழியைப் பிடுங்குவார். கழியை முதலில் பிடுங்கினால் வலை சுருண்டு சிக்கும். கழியை விட்டுவிட்டுப் போனாலோ, அடுத்த பாட்டுக்கு வருபவரின் வலை கிழியும். செய்த வரிசைக்கு நேர்மாறான வரிசையிலே அவிழ்ப்பதும், எதனையும் விட்டுவைக்காமல் எடுப்பதும் அத்தொழிலின் ஒழுங்கு.

நல்ல இயக்கியின் ஒழுங்கும் இதுவே. அட்டை போன செய்தி வந்தவுடன் அது ‘போய்விட்டது’ என்று ஓரிடத்தில் குறித்துக்கொள்கிறது. புதிதாக எந்த நிரலும் அட்டையைத் திறக்க இயலாதபடி வாயிலை அடைக்கிறது. குறுக்கீட்டுத் தடத்தை விடுவிக்கிறது. ‘சிறிது நேரம் கழித்துச் செய்’ என்று தான் முன்னரே ஏவி வைத்திருந்த வேலைகள் இருப்பின், அவற்றை நிறுத்தி, ஓடிக்கொண்டிருப்பவை முடியும் வரை காத்திருக்கிறது. முகவரிகளைத் திருப்பிக் கொடுக்கிறது. நினைவகத்தை மட்டும் உடனே கொடுத்துவிடுவதில்லை. அதனைப் பற்றிக்கொண்டிருப்போர் எத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. பற்றியிருக்கும் நிரல் ஏதேனும் கேட்டால், ‘அந்தக் கருவி இப்பொழுது இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. ஒவ்வொருவராக விலக எண்ணிக்கை குறைந்து சுழியமாகும்பொழுதுதான் நினைவகம் விடுவிக்கப்படுகிறது. கடைசியில் வெளியேறுபவர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுவது போன்ற ஏற்பாடு இது.

‘ஐயா, இத்தகைய அட்டைகள்தாம் இப்பொழுது புதிய மடிக்கணினிகளில் இல்லையே, இவற்றை நாங்கள் ஏன் அறிய வேண்டும்?’ என்று உங்களுள் ஒருவர் வினவலாம். நல்ல வினா. செருகுவாய் மறைந்தது, செருகிக் கழற்றும் பழக்கம் மறையவில்லை. யு.எஸ்.பி. என்னும் துளையில் நீங்கள் நாள்தோறும் செருகும் பென்டிரைவ், அந்த அட்டையின் தம்பி என்றே கொள்ளுங்கள். பெரிய கணினி நிலையங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்தே வட்டைக் கழற்றி வேறு வட்டைச் செருகுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை, சொல்லிக்கொள்ளாமல் போகும் விருந்தினனை உட்கரு தாங்கிக்கொள்ள வேண்டும் என்னும் அதே கொள்கைதான்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிவைத்தது. அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்தோடு பாஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்டது அது. ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகளின் கைக்கும் இவ்வாறு ஓர் உட்கரு வந்து சேர்ந்தது. லினக்ஸ் உட்கருவின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடப்பது. அட்டைகளுக்கான இயக்கிகளையும் அதிலே படிக்கலாம். சேர்க்கும் பகுதி ஒன்று, அகற்றும் பகுதி ஒன்று என இரண்டு பகுதிகளை ஒவ்வோர் இயக்கியிலும் காண்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். முதற்பகுதியில் செய்தவை ஒவ்வொன்றும் இரண்டாம் பகுதியில் நேர்மாறான வரிசையில் அவிழ்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்பயிற்சி ஒன்றே பல வகுப்புகளுக்குச் சமமாகும்.

நிரல் எழுதாதவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. பென்டிரைவில் கோப்பைச் சேமித்தவுடன் அது அங்கே எழுதப்பட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். விரைவு கருதி, உட்கரு அதனைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பின்னர் எழுதும் வழக்கம் உண்டு. ‘பாதுகாப்பாக அகற்று’ என்னும் கட்டளையை நீங்கள் கொடுத்தால், எழுத வேண்டிய மிச்சத்தை எல்லாம் எழுதி முடித்த பின்பே, ‘இனி எடுக்கலாம்’ என்று அது சொல்லும். அச்சொல் வரும் வரை கையை நீட்டாதீர்கள். நீங்கள் விடைபெற எடுத்துக்கொள்ளும் அச்சில நொடிகள், மற்றொருவரின் பல மணி நேர உழைப்பைக் காக்கக்கூடும்.

அன்று நாங்கள் இரண்டாம் முறை எழுதிய பட்டியலில் இருந்த பிள்ளைகள் தேர்வெழுதினார்கள். வேலைக்குப் போனவர் சிலர். படகுக்கே திரும்பியவர் சிலர். அவர்களுள் ஒருவர் சென்னையில் கணினித் துறையில் பணிபுரிகிறார். அண்மையில் ஊருக்கு வந்தபொழுது, தாம் எழுதிய நிரல் ஒன்றைத் தம் திரையில் எனக்குக் காட்டினார். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. ஆனால் ‘அகற்றும் பகுதி எங்கே?’ என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அது சேர்க்கும் பகுதியைவிட நீளமாக இருந்தது. அந்தப் பட்டியலில் அவருடைய பெயரையும் பிறந்த நாளையும் நான் இருமுறை எழுதியவன் என்பதை அவரிடம் சொன்னேன். எழுந்து புறப்பட்டபொழுது அவர் வாயிலில் நின்று, ‘போய் வருகிறேன் ஐயா’ என்றார்.

நானும் உங்களிடம் அவ்வாறே சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.